இரண்டு பூட்டுப் போட்ட கிட் ரூம்

அத்தாவுல்லா பாய்க்குக் கோபம் வருவது அபூர்வம் என்று எழுதத்தான் ஆசை, உண்மை அப்படியில்லை. எண்ணூரில் ஒரு வார்ப்பட ஆலையில் ஃபிட்டராக இருந்தபோது ஆலை ஹாக்கி அணியில் ஃபுல்பேக்காகத் தடுப்பாட்டம் ஆடியவர். எதிரணி அவர் மட்டையைவிட வாய்க்குத்தான் அதிகம் பயந்தது. ஆலை மூடியது, வாய் மூடவில்லை. ஐம்பத்தாறு வயதில் இப்போது ஒரு தொழில்முறை ஹாக்கி அணியின் கிட்மேன். மட்டைக்கு டேப் சுற்றுவது, கோல்கீப்பரின் பேடுகளை வெயிலில் காயவைப்பது, ஜெர்சிகளை வரிசையாக மாட்டுவது அவர் வேலை. தண்டையார்பேட்டை வீட்டில் மனைவி மரியம் சொல்வாள்: "பேடு நாத்தம் உன் சட்டைல கீதா, உன் நாத்தம் பேடுல கீதான்னே தெர்ல."

அணிக்கு இரண்டு முதலாளிகள், சரிபாதிப் பங்கு. சேர்மன் லட்சுமணன் கன்டெய்னர் யார்டு வைத்திருப்பவர். எம்.டி. வரலட்சுமி ஐஸ் ஃபாக்டரிக்காரர். திங்களன்று சேர்மன் கோச்சை நீக்குவார், செவ்வாயன்று எம்.டி. அவருக்கே மாலை போட்டு வரவேற்பார். ஒன்பது ஆட்டத்தில் எட்டுத் தோல்வி. மீதி ஒன்று மழையால் நின்றது. அதை இருவருமே தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கடைசி ஆட்டத்துக்குத் தேசிய முகாமின் தேர்வாளர் வருவதாகத் தகவல். அவர் பார்க்க வருவது கோல்கீப்பர் ஜெபினை. காசிமேட்டுக்காரன், எட்டுத் தோல்வியிலும் அணியின் மானத்தைக் கொஞ்சமாவது காத்தவன். அவனைக் கொண்டுவந்தவர் எம்.டி. என்பதால், சேர்மன் தன் அக்கா மகனைக் கோலில் நிறுத்த முடிவுசெய்தார். இருப்பதோ ஒரே செட் பேடு, ஒரே ஹெல்மெட். அவை ஜெபின் கைக்குப் போகக்கூடாதென்று கிட் ரூமுக்கு ஒரு பூட்டுப் போட்டார். அக்கா மகன் கைக்குப் போகக்கூடாதென்று எம்.டி. அதே தாழ்ப்பாளில் இன்னொரு பூட்டுப் போட்டார்.

ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

"சார், சாவி குடுங்க."

"மொதல்ல அந்தம்மாவத் தொறக்கச் சொல்லு பாய்," என்றார் சேர்மன், காரிலிருந்து இறங்காமலே.

பத்தடி தள்ளி நின்ற காருக்குள் எம்.டி. "அவர் தொறந்தா நான் தொறக்கறேன். இது கௌரவப் பிரச்சினை பாய்."

"இன்னா மேடம் கௌரவம்? டீம் மொத்தமும் பனியனோட நின்னுகினு கீது!"

மூன்று தடவை இரு கார்களுக்கும் இடையே நடந்தார். நான்காம் தடவை நடக்கவில்லை. ஜெபின் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"வுடு பாய். அட்த்த வருசம் பாத்துக்கலாம்."

"அட்த்த வருசம் இந்த டீமே கீதோ இல்லியோ. வாய மூடிகினு என் பையிலேந்து ஸ்க்ரூடிரைவர எட்றா."

பூட்டுகள் கதவின் வலப்பக்கம். கீல்கள் இடப்பக்கம், வெளியே. ஆறு திருகாணிக்கு ஆறு வசவு. ஏழாவது வசவு பொதுவானது. கதவு இரண்டு பூட்டிலும் தொங்கியபடி எதிர்ப்பக்கமாகத் திறந்துகொண்டது.

சேர்மனின் அக்கா மகனே ஹெல்மெட்டை எடுத்து ஜெபினிடம் நீட்டினான். பெனால்டி கார்னரில் சீறிவரும் பந்தை நெஞ்சில் வாங்க அவனுக்கு ஆசையில்லை.

அன்றும் தோற்றார்கள், ஒரு கோலில். ஆனால் ஏழு பெனால்டி கார்னரில் ஆறை ஜெபின் தடுத்தான். தேர்வாளர் அவன் போன் நம்பரை இரண்டு முறை சரிபார்த்து எழுதிக்கொண்டார்.

மறுவாரம் ஒரே நாளில் இரண்டு கடிதங்கள். ஜெபினுக்கு முகாமுக்கு வரச்சொல்லி அழைப்பு. பாய்க்கு, அணியின் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக வேலைநீக்கம். கீழே லட்சுமணன், வரலட்சுமி. அந்த ஆண்டு இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே தாள்.

"ஒரே பேனாவுல போட்டுக்கீறாங்க பாரு," என்று பாய் மரியத்திடம் காட்டினார். "சாவி மட்டும் கைமாறாது."

ஜெபின் ஓடிவந்தான். "நா போவல பாய். உன்னத் தூக்கிட்டு என்ன அனுப்பறாங்கன்னா இன்னா நாயம்?"

"நாயமா? நீ போவலன்னா நா எதுக்குடா வேலைய வுட்டேன்? கால ஒட்ச்சிடுவேன்!"

அந்தக் கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஜெபின் சனிக்கிழமை ரயில் ஏறினான்.