பக்கத்து சீட்டில் ஒரு துண்டு

எழுபதுகளில் நான் தருமபுரி–பாப்பாரப்பட்டி பஸ்ஸில் கண்டக்டர். தினமும் காலையில் ஒரு பெரியவர் ஏறுவார். எண்பதைத் தாண்டியவர். மகன் வீட்டில் வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். ஆனாலும் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாப்பாரப்பட்டியில் இறங்கிச் சந்தைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு, அதே பஸ்ஸில் திரும்புவார். சீட்டில் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பார். அதுதான் எனக்கு எரிச்சல். "இங்க ஆள் வருதுங்களா?" என்று யாராவது கேட்டால், "இல்லீங்க, உக்காருங்க" என்று உடனே எடுத்துவிடுவார். வந்தவரிடம் ஊர், மழை, பிள்ளைகள் என்று விசாரிப்பார். அந்த ஆள் இறங்கியதும் துண்டு மறுபடி சீட்டுக்கு வந்துவிடும்.

ஒருநாள் நல்ல கூட்டம். கைக்குழந்தையோடு ஏறிய ஒருத்தி கேட்கக் கூச்சப்பட்டு நின்றுகொண்டே வந்தாள். நான் கத்திவிட்டேன்.

"யாரும் வரலைன்னா எதுக்குங்க துண்டு?"

பதறிப்போய் எடுத்து அவளை உட்கார வைத்தார். இறங்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க கண்டக்டர். சீட்டு சும்மா கெடந்தா பேசாம உக்காந்துக்கறாங்க. துண்டு கெடந்தாத்தான் ஒரு வார்த்தை கேக்கறாங்க. வூட்டுல அதுவுமில்லீங்க."

அன்று முழுக்க எனக்கு மனசு நிலையில் இல்லை. மறுநாள் பஸ் பாதி காலி. துண்டு அதன் இடத்தில் கிடந்தது. பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"இங்க ஆள் வருதுங்களா?"

அவர் துண்டை எடுத்து மடித்தார்.

"இல்லீங்க, உக்காருங்க. உங்களுக்கு எந்த ஊரு?"