அக்கா தொடாத தேநீர்

துருக்கியர் கடையில் தேநீர் போதும் என்று வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சிறு கரண்டியை எடுத்துக் கோப்பையின் மேல் குறுக்காக வைக்க வேண்டும். வைக்காதவரை ஊற்றுவார்கள். இது எனக்கு ஆறாவது கோப்பையில்தான் தெரியவந்தது.

"மாமா, கரண்டியைத் தூக்கி மேலை வையுங்கோ. இல்லாட்டி அவர் கடை பூட்டுமட்டும் ஊத்துவார்," என்றாள் மருமகள்.

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் எவ்வளவு தாங்குவியள் எண்டு பாத்தனான்."

அவள் என் அக்காவின் ஒரே மகள். ஒஸ்லோவில் பிறந்தவள், மருத்துவமனையில் வேலை செய்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை என்னை, நான் இருக்கும் ஹவுகெட்டோவிலிருந்து நகரத்துக்கு வரச்சொல்லி ஒவ்வொரு கடையாகக் காட்டினாள். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் ஒருவர் உபசரித்தால், அவராகச் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது பத்திரிகை வேலையில் பழகியது. நானும் கேட்கவில்லை.

அந்த ஆறு கோப்பையும் முதலில் போன குரொன்லாந்துக் கடையில்தான். எட்டு மேசை. ஓய்வுபெற்ற ஆண்கள் எண் போட்ட சிறு கட்டைகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கேத்தல்கள். கீழே வெறும் வெந்நீர், மேலே கடும் சாயம். கடைக்காரர் சாயத்தைக் கால்வாசி ஊற்றி, வெந்நீரால் நிரப்பி, கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகே கொண்டுவந்தார். இடை குறுகிய, பிடியில்லாத கண்ணாடிக் கோப்பை. விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். நல்ல தேநீர் முயலின் இரத்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பார்களாம்.

"இதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். அக்கா சைவம்.

அடுத்த கடை ஆக்கர்செல்வா ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே இளைஞர் கூட்டம். செம்பினாலான நீண்ட கைபிடிக் குவளையைச் சூடான மணலில் தள்ளித் தள்ளிக் கோப்பி காய்ச்சினார்கள். சீனி எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டார்கள். தூளோடு சேர்த்தே கொதிக்கவிடுவதால் பிறகு மாற்ற முடியாது. நுரை கலையாமல் ஊற்றினார்கள். மண்டி அடியில் தங்கும்வரை பொறுத்து, கடைசி மிடறை விட்டுவிட வேண்டும் என்று அவள் சொல்லித்தந்தாள். அங்கேதான் விஷயத்தையும் சொன்னாள்.

"மாமா, முதல் போன கடை இருக்கெல்லே? அந்தக் கடைக்காரற்றை மகனைத்தான் நான் கட்டப்போறன்."

"அந்த மனுசனுக்கு நான் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியும். அதுதான் ஆறு கிளாஸ்."

அவள் தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா வராத கலியாணம் எனக்கு வேண்டாம். அவருக்கும் அப்பிடித்தான், தாய் வராட்டிச் செய்யமாட்டார். அப்பா இல்லை, நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு கதைக்கவேணும். கதைப்பியளோ?"

ஓம் என்றேன். அப்பா இல்லாத பெண்ணின் தாய்மாமன் வேறு என்ன சொல்ல முடியும்?

அக்காவோடு பேச நான்கு வாரம் எடுத்தது. அவர் கத்தவில்லை, அழவில்லை. எல்லிங்ஸ்ருட்டில் உள்ள தன் வீட்டுச் சமையலறையில் வெண்டிக்காய் வெட்டியபடி, "ஆக்களைப் பாப்பம். பாத்துப்போட்டுச் சொல்லுறன்," என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது என்று மருமகள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் எங்களுக்காகவே கடையைப் பூட்டி வைத்திருந்தார்கள். மேசைகளை ஒன்றாக இழுத்து வெள்ளை விரிப்பு போட்டிருந்தது. கடைக்காரர் கோட் அணிந்திருந்தார். மகன் ட்ராம் ஓட்டுபவன், உயரமானவன். கதவைத் திறந்து பிடித்தபடி, மனப்பாடம் செய்த தமிழில் "வாங்கோ அம்மா" என்றான். கடைக்காரரின் மனைவி அக்காவின் கையை இரு கைகளாலும் பிடித்தார். அக்கா குளிர்ச்சட்டைக்கு உள்ளே காஞ்சிபுரம் கட்டியிருந்தார். சும்மா பார்க்கப் போகிற இடத்துக்கு அவர் அதைக் கட்டமாட்டார். இதை நான் கவனித்தேன். கவனித்ததோடு நின்றுவிட்டேன்.

தேநீர் வந்தது. அக்கா தொடவில்லை. நன்றி என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவர் முதியோர் இல்லச் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்தவர். வேலைக்குத் தேவையான மொழி இருந்தது, சம்பந்தம் பேசுகிற மொழி இல்லை. நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். படிப்பு, வேலை, எந்த ஊர், எப்போது வந்தீர்கள். பேச்சு நன்றாகவே போனது.

தேநீர் ஆறியது. கடைக்காரரின் மனைவி அதை எடுத்துப் போய், வேறு கோப்பையில் சூடாகக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஆறியது. மூன்றாவது. நான்காவது. ஒவ்வொரு முறையும் அவருடைய சிரிப்பு சற்றுக் குறைந்தது. நான் அக்காவின் பங்கையும் சேர்த்துக் குடித்துவிடலாம் என்பதுபோல ஏழு கோப்பை குடித்தேன். மருமகள் தாயின் காலை மேசைக்கடியில் தட்டினாள்.

மூன்று மணிக்கு அக்கா கைப்பையைத் திறந்தார். பிரஷர் குளிசை. அதோடு வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறிய தண்ணீர்ப் போத்தல். குளிசையை வாயில் போட்டு, தன் தண்ணீரைக் குடித்து, மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தார். முன்னால் நான்காவது தேநீர் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஐந்தாவது வரவில்லை.

சுரங்க ரயில் மேடையிலேயே மருமகள் வெடித்தாள்.

"அம்மா, அவையின்ரை கிளாஸிலை குடிச்சால் உங்களுக்கு என்ன வரும்? ஊத்தையெண்டோ? முஸ்லிம் எண்டோ? ஹெர்ரெகுட், கடவுளே, சொந்தத் தண்ணியைக் குடிக்கிறியள்!"

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே புரியாத முகம்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? பேச்சு முடியாமல் ஆரும் கை நனைக்கிறதோ? அது சம்பந்தம் பேசுற இடம். தேத்தண்ணிக் கடையெண்டால் குடிச்சிருப்பன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கும் வெக்கமில்லை. பொம்பிளையின்ரை மாமன், ஏழு கிளாஸ்!"

எண்ணியும் இருக்கிறார்.

முறை எனக்குத் தெரியாதது அல்ல. சம்பந்தம் உறுதியாகும்வரை எதிர்த்தரப்பு வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனால் இப்போதெல்லாம் எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசுவது தொலைபேசியில். நான் மறந்துவிட்டேன். அந்தக் குடும்பத்தை அக்கா எவ்வளவு பெரிதாக எடுத்திருந்தார் என்பதற்கு அந்த நான்கு கோப்பைகளே சாட்சி. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். நான் பிறந்த ஊரில் சிலர் சிலருடைய வீட்டில் தண்ணீர் குடிக்காததற்கு வேறு காரணம் இருந்தது. அது மரியாதை அல்ல. மேடையில் அக்கா சொல்லும்வரை, எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போனேன். கடைக்காரர் தேநீர் தந்தார், எதிரில் உட்கார்ந்தார். நோர்வேஜிய மொழியில் விளக்கினேன். எங்கள் முறை இது, குடிக்காமல் இருந்ததே உங்களை மதித்ததால்தான் என்றேன். அந்த மொழியில் அது சாக்குப்போக்காகவே ஒலித்தது. சொல்லும்போதே எனக்குக் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. "என் மனைவி அன்று காலை அந்தக் கோப்பைகளைக் கழுவினாள்," என்றார். "அது போதாதென்று மறுபடியும் கழுவினாள்."

"கோப்பையில் ஒரு குறையும் இல்லை."

"நாங்களும் முறை உள்ளவர்கள்தான். முறைப்படி உங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்போம். என் மகனுக்காக வருவோம்."

பையனும் தாயிடம் பேசிப் பார்த்தான். மருமகள் நீண்ட கடிதம் ஒன்று எழுதினாள். ஒவ்வொரு விளக்கமும் விஷயத்தை இன்னும் பெரிதாக்கியது. மரியாதை என்றால் முதலிலேயே சொல்லியிருப்பார்களே என்று அந்தத் தாய் கேட்டாராம்.

மூன்று வாரம் கழித்து எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்தார்கள். பூங்கொத்து, வெள்ளித் தட்டில் சொக்லேட். பெண் கேட்க வரும் நாளில் பெண்தான் கோப்பி காய்ச்சிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளையின் கோப்பையில் சீனிக்குப் பதில் உப்புப் போட வேண்டும், அவன் முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். மருமகள் ஐந்து கோப்பை கொண்டுவந்தாள். பையன் ஒரே மூச்சில் குடித்தான். முகம் அசையவில்லை, கண் மட்டும் கலங்கியது.

"ஏன் அந்தப் பிள்ளை அழுகுது?" என்றார் அக்கா.

"உப்பு, அக்கா. அவையின்ரை வழக்கம்."

"நல்ல வழக்கம். இவளின்ரை சமையலை இப்பவே பழகட்டும்."

கடைக்காரர் எழுந்து நின்று, முதலில் துருக்கிய மொழியிலும் பிறகு நோர்வேஜிய மொழியிலும் பெண்ணைக் கேட்டார். மொழிபெயர்த்தேன். அக்கா மகளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"ஓம். எனக்குச் சம்மதம்."

சொன்ன கையோடு தன் கோப்பையை எடுத்தார். அடிமண்டி வரை குடித்து முடித்தார். யாரும் தடுக்கவில்லை. "நல்லாயிருக்கு," என்றார், பல்லில் தூள் ஒட்டியிருக்க. "கொஞ்சம் மண் மாதிரி."

பையன் சிரித்தான். கடைக்காரர் சிரித்தார். அவருடைய மனைவியின் கோப்பை நிறைந்தபடியே இருந்தது. நுரை வற்றி விளிம்பில் ஒரு கோடாகக் காய்ந்திருந்தது. அவர் கைப்பையைத் திறந்தார். சிறிய தண்ணீர்ப் போத்தல். ஒரு மிடறு குடித்தார், மூடியைத் திருகினார், பைக்குள் வைத்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி, அவசரமில்லாமல்.

மருமகளின் கையில் இருந்த தட்டு சரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியோ தம்பி! அவவும் போத்தல் கொண்டு வந்திருக்கிறா. முறை தெரிஞ்ச ஆக்கள். நான் பயந்துபோனன், வேற ஆக்களெண்டு. சொல்லு அவவுக்கு, பேச்சு முடிஞ்சுது, இனிக் கை நனைக்கலாம் எண்டு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்: பேச்சு முடிந்தது, இனி நீங்கள் எங்கள் வீட்டில் குடிக்கலாம் என்கிறார். அந்த வசனம் அந்த மொழியில் எவ்வளவு திமிராக விழுந்தது என்பது சொல்லி முடித்த பிறகே எனக்குத் தெரிந்தது.

கடைக்காரரின் மனைவி மெல்லத் தலையசைத்தார். "வீட்டில் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்லுங்கள்."

அதையும் சொன்னேன்.

"வீட்டிலை குடிச்சிட்டே வந்தவவோ!" அக்கா எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். பையனின் தாய் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்.

அவர்கள் போன பிறகு மருமகளும் நானும் சமையலறையில் நின்றோம். வரவேற்பறையில் அக்கா ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்களை மாதிரித்தான், அச்சா ஆக்கள்."

"மாமா, அம்மாவுக்குச் சொல்லப்போறியளோ?"

"நீ சொல்லுறியோ?"

அவள் அந்த நிறைந்த கோப்பையைத் தொட்டியில் ஊற்றினாள். மண்டி வெள்ளைத் தொட்டியில் பரவி நின்றது. குழாயைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இரண்டு நாள் கழித்துப் பையன் வந்து சொன்னான். தாய் தடுக்கமாட்டாராம், திருமணத்துக்கு மட்டும் வரமாட்டாராம். தாய் வராமல் அவன் செய்யமாட்டான். மருமகளுக்கு அது தெரியும், அவளும் தன் அம்மாவைப் பற்றி அதையேதான் சொல்லியிருந்தாள்.

அக்கா வாரம் ஒருமுறை என்னிடம் கேட்கிறார், "என்னவாம், நாள் வைச்சிட்டினமோ?" அவர்களுடைய பக்கத்தில் யோசிக்கிறார்கள் என்கிறேன். யோசித்துச் செய்கிறவர்கள் நல்ல ஆட்கள் என்கிறார். அக்கா உங்கள் போத்தலைப் பார்த்து மகிழ்ந்தார் என்று அந்தத் தாயிடம் சொன்னால் கேலி என்று நினைப்பார். அந்தப் போத்தல் எதற்கு என்று அக்காவிடம் சொன்னால் தந்த சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார். இரண்டு மொழியும் எனக்குத் தெரியும். எதிலும் இதைச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமைகளில் குரொன்லாந்துக் கடைக்குப் போகிறேன். கட்டை அடுக்கும் கிழவர்கள் இப்போது எனக்குத் தலையசைக்கிறார்கள். கடைக்காரர் கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக் கொண்டுவந்து வைக்கிறார். நாங்கள் பனியைப் பற்றிக் கதைக்கிறோம். உள்ளே அவருடைய மனைவி கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்கும். நான் இருக்கும்வரை அவர் முன்னால் வருவதில்லை.

போன சனிக்கிழமை ஐந்தாவது கோப்பையும் முடிந்தது. கடைக்காரர் கேத்தலோடு வந்து என் கரண்டியைப் பார்த்தார். அது தட்டிலேயே கிடந்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊற்றினார்.