ஆப்பரேட்டர் அக்காவின் ரிசல்ட்

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த இன்டர்நெட் கடையில், கம்ப்யூட்டர்களுக்கு நடுவே பிளைவுட் தடுப்புகள் இருந்தன. உட்கார்ந்தால் முகம் மறையும். குரல் மறையாது. ஒரு நாள் அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ ஒருவர், "ரக்ஷப்பட்டல்லோ சேச்சி!" என்று மலையாளத்தில் சந்தோஷமாகக் கூவினார். தப்பித்துவிட்டீர்களே என்று அர்த்தம். அப்போது நான் ஆப்பரேட்டர் அக்காவுக்கு அவருடைய பரீட்சை மார்க்கைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெல்லத்தான் படித்தேன். எனக்கு இயல்பாகவே குரல் எழும்பாது. ஆனால் வெளியே சரக்கு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றதால், "கேக்கல, இன்னொரு தடவ சொல்லு" என்றார் அக்கா. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கடை முழுக்கக் கேட்டுவிட்டது. அக்கா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வெலிங்டன் தீவில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர். சுள்ளிக்கல்லில் அம்மாவோடு இருந்தார். எங்களைப் போலவே, எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். என் அப்பா நகரசபைத் தொழிலாளி, நான் பத்தாவதோடு நின்றவள். அக்கா வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. படித்தார். பாடங்களை யாராவது கேசட்டில் படித்துப் பதிவு செய்து தருவார்கள். பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். மார்க் வந்தால் நான் படித்துச் சொல்வேன்.

அன்றைக்கு வாசல் வரை கொண்டுவிடப் போனபோது அக்கா சொன்னார்: "என்னோட மார்க்கு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியுது, பக்கத்துல இருக்கவனுக்குத் தெரியுது. நான் எப்பவும் கடைசி ஆளு. கடைசி வருஷ ரிசல்டாச்சும் நான்தான் முதல்ல தெரிஞ்சுக்கணும். கேட்டோ?"

அது ஒரு பெரிய விஷயமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. என்னுடைய பத்தாவது ரிசல்டே செய்தித்தாளில் வந்து, சாயாக்கடையில் இருந்தவர்கள் பார்த்து, அப்பாவிடம் சொல்லி, அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அன்று நான் விரும்பியிருந்தால் ஓடிப்போய் அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்தது நானே எடுத்த முடிவு. இந்த வித்தியாசம் எனக்குப் புரியப் பல நாள் ஆனது.

அக்காவின் நண்பர் ஒருவர் ஒரு சி.டி. கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருள் அதில் இருந்தது. வெள்ளோட்டத்துக்கான இலவசப் பிரதி என்பதால் முக்கால் மணி நேரம்கூடப் பேசாது. வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி பேசும். "அந்த ஒரு மெஷினு மட்டும் என்ன அடிக்கடி உறங்கப் போகுது?" என்று கடை முதலாளி சேட்டன் முணுமுணுப்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூலைக் கம்ப்யூட்டரை அக்காவுக்கென்று விட்டுவைப்பார்.

அந்த மென்பொருளை வைத்துப் பல்கலைக்கழகத்தின் வெப்சைட்டைத் திறந்தால் "கிராபிக், கிராபிக், லிங்க், கிராபிக்" என்றே அது சொல்லிக்கொண்டு போனது. தொடுகிற பொத்தான் எல்லாம் படங்கள். எந்தப் படத்துக்கும் பெயர் இல்லை. கடைசியில் வரும் மார்க் பட்டியலும் ஒரு படம்தான். அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "எங்க ஆபீஸ் டெலிபோன் போர்டுல நான் தடவிப் பாக்கற நம்பரை எல்லாம் அழிச்சுட்டு பூப்படம் ஒட்டி வச்சா நான் யாருக்கு லைன் குடுப்பேன்? அது மாதிரி இருக்கு" என்றார்.

அக்காவுக்குத் தெரிந்த ஆயுதம் டெலிபோன். பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு எங்கள் கடையிலிருந்தே பேசினார். சலிக்காமல் விசாரித்து, வெப்சைட்டைக் கவனிக்கும் ஸாரைப் பிடித்துவிட்டார். எல்லாம் மலையாளத்தில் நடந்த பேச்சு. நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். "கூட யாரும் இல்லையா மேடம், படிச்சுச் சொல்ல?" என்று அவர் கேட்டிருக்கிறார். அக்கா, "இருக்காங்க ஸார். அதுதான் பிரச்சனையே" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு முகம் சூடானது. அக்கா கையை நீட்டித் தேடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலே பேசினார்.

ஸார் நல்ல மனிதர். பார்வை இல்லாதவர்களுக்காக ஏதாவது செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். செய்தும்விட்டார். சில வாரம் கழித்து நாங்கள் திறந்தபோது வெப்சைட்டிலிருந்து வீணை வாசிப்பு கேட்டது. அதன் மேலே ஒரு பெண் குரல், பல்கலைக்கழகத்துக்கு வரவேற்பு சொல்லி, அதன் பெருமைகளை விளக்கியது. முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கியது. அதற்கு அடியில் எங்கள் மென்பொருள் "கிராபிக், கிராபிக்" என்று முனகிக்கொண்டிருந்தது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கிராஸ் டாக்குடீ! ஒரே லைன்ல ரெண்டு பேரு!" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "அந்த மனுஷன் எவ்வளவு பாடுபட்டிருப்பான்" என்றார். "போன்ல சொன்னா ஆகாது. நேர்ல போவோம்."

படகில் எர்ணாகுளம் போய், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பஸ் பிடித்தோம். ஸார் எங்களை உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அவங்க சாயா குடிப்பாங்களா?" என்று கேட்டார். "குடிப்பேன் ஸார். சீனி குறைச்சு. அவளுக்குச் சீனி கூட வேணும், ஆனா கேக்க மாட்டா" என்றார் அக்கா. ஸார் அசடு வழியச் சிரித்தார். அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நேராக அக்காவிடமே பேசினார்.

நாங்கள் கொண்டுபோன சி.டி.யை அவருடைய கம்ப்யூட்டரில் போட்டு, மூவரும் காது கொடுத்தோம். வீணையும் வரவேற்பும் "கிராபிக்"கும் ஒன்றாகக் கேட்டன. ஸார் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். திரும்பி வந்து, "அந்த வீணைக்கு மட்டும் ரெண்டு நாள் ஆச்சு மேடம்" என்றார். "வாசிப்பு நல்லாதான் இருந்துச்சு ஸார்" என்று அக்கா சொல்ல, இருவருமே சிரித்துவிட்டார்கள். என்ன செய்தால் சரியாகும் என்பது அக்காவுக்கும் தெரியாது. எங்கே தடுக்கிறது என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது. ஸார் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதன் பெயரை எழுதி வைக்க ஓர் இடம் உண்டாம். எங்கும் அது காலியாகக் கிடந்தது. மார்க்கைச் சாதாரண எழுத்தில் போட்டால் யாராவது திருத்திவிடுவார்கள் என்று மேலிடத்துக்குப் பயம், அதனால்தான் படம் என்றார். அனுமதி கேட்டுப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார்.

கடைசி வருஷ ரிசல்ட் வந்துவிட்டதாக ஒரு நாள் ஸாரே கடைக்குப் போன் செய்து அக்காவிடம் சொன்னார். "மார்க்கை எழுத்துலயே போட அனுமதி கெடச்சுடுச்சு. நான் பாக்கல மேடம். நீங்களே பாருங்க" என்றாராம். கடையில் அன்று நல்ல கூட்டம். அக்கா மூலையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "மானிட்டரை அணைச்சுடு" என்றார். அணைத்தேன். கறுத்த திரையில் எங்கள் இருவர் முகங்களும் மங்கலாகத் தெரிந்தன. அவர் தன் நம்பரைத் தட்டினார். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். மறுபடி ஒரு முறை கேட்டார். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எத்தனையோ பேருடைய நல்லது கெட்டதுகளுக்கு லைன் கொடுத்துப் பழகிய முகம். ஸ்விட்ச் என் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இத்தனை வருஷமாக முதலில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஒரு நிமிஷம் பெரிய சோதனையாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அக்கா பக்கத்தை மூடிவிட்டு எழுந்தார். "எந்தாயி சேச்சி?" என்று தடுப்புக்கு மேலே ஒரு தலை கேட்டது. என்ன ஆச்சு என்று எல்லோருமே கேட்டார்கள். சேட்டனும் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "வந்துடுச்சு" என்றார். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்றைக்கு அக்காவின் கைபேசி எல்லாவற்றையும் அவர் காதில் ரகசியமாகச் சொல்லிவிடுகிறது. அப்படியும் பெயரில்லாத பொத்தான்கள் அங்கங்கே இருக்கத்தான் செய்கின்றன. அப்படி ஒன்று வந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார், நான்தான் அதை வைத்த மாதிரி. இப்போது நான் அவருக்கு எதையும் படித்துச் சொல்வதில்லை. அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ரிசல்ட் வந்த மறுநாள் சாயங்காலம் அக்கா கடைக்கு வந்து, என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "அம்மாவுக்கு நேத்தே சொல்லிட்டேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. இப்போ உனக்கு" என்று என் காதருகே குனிந்து தன் மார்க்கைச் சொன்னார். நான் படித்துச் சொன்னதைவிட மெதுவாக, ஒவ்வொரு பேப்பராக. அது எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.