தோழர் நலமுடன் உள்ளார்

எங்கள் மாவட்டத் தொலைபேசி ஊழியர் சங்கத்தின் மாத மடலைப் பணியில் இருந்தபோது எழுதத் தொடங்கினேன். ஓய்வு பெற்ற பின்னும் அது என்னிடமே இருக்கிறது. நான்கு பக்கம். ஓய்வூதியத் திருத்தப் பேச்சுவார்த்தை, பட்டுக்கோட்டைக் கிளைக் கூட்டம், மருத்துவ அட்டை புதுப்பிக்க வேண்டியவர்கள் என்று மூன்று பக்கங்கள் நிரம்பிவிடும். கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: மேலே பணி நிறைவு, கீழே அஞ்சலி.

என் மனைவியும் எங்கள் துறைதான். திருவாரூர்த் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். ஆனாலும் மடலை அவளிடம் காட்டும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை. ஒரு தவறுக்குப் பிறகுதான் வந்தது. அந்த மாதம் ஓய்வு பெற்ற பூதலூர்த் தோழரின் பெயர் கீழ்க் கட்டத்தில் விழுந்துவிட்டது. மடல் கிடைத்த அன்றே பாசஞ்சர் ரயில் பிடித்து வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"தோழர், நான் செத்துட்டேனாமே! மாலை எங்க? வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் தலை குனிந்து நின்றேன். அவள் உள்ளிருந்தே கேட்டாள்: "காப்பிக்குச் சர்க்கரை போடலாங்களா தோழர்? இல்ல, உங்களுக்கு இனிமே அதெல்லாம் கிடையாதா?"

"ரெண்டு ஸ்பூனாப் போடுங்க. இனிமே டாக்டர் என்னை என்ன பண்ண முடியும்?"

அடுத்த மடலின் திருத்தத்தை அவள்தான் எழுதினாள்: "தோழர் நலமுடன் உள்ளார், காப்பி அருந்தினார்." இரண்டாம் பாதியை நான் அடித்துவிட்டேன். இன்று அடித்திருக்க மாட்டேன்.

அன்று முதல் ஒரு விதி வைத்தாள். இன்னொரு தோழரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யாமல் கீழ்க் கட்டத்தில் எந்தப் பெயரும் ஏறக் கூடாது. மாதந்தோறும் பக்கத்தை நீட்டும்போது, "ஏங்க, நிச்சயந்தானா? யாரைக் கேட்டீங்க?" என்பாள். நான் பெயரைச் சொன்ன பிறகே பச்சைப் பென்சிலால் ஓரத்தில் ஒரு சிறு கோடு இடுவாள்.

இந்த மாத மடலில் மூன்று பக்கங்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது: "ஐயா, கடைசிப் பக்கந்தான் பாக்கி."

கீழ்க் கட்டத்தில் ஒரே பெயர். அவளுடையது. திருவாரூர் நிலையம், மகளிர் குழுவின் முன்னாள் பொறுப்பாளர் என்று முறைப்படி எழுதியிருந்தேன். எழுத்துப்பிழை இல்லை. ஆனால் விதி பாக்கி இருந்தது. சுடுகாடு வரை உடன் நடந்தவன் நான். எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் பூதலூர்த் தோழரை அழைத்தேன். கட்டத்தை வாசித்துவிட்டு, அவள் கேட்கும் அதே சொற்களில் கேட்டேன்.

"நிச்சயந்தானா தோழர்?"

அவர் பக்கத்தில் டிராக்டர் ஒன்றின் ஓசை கடந்து போய் ஓய்ந்தது.

"எனக்குப் போட்ட மாதிரி ஒரு திருத்தம் போட முடிஞ்சா நல்லாருக்கும் தோழர்," என்றார். பிறகு, "நிச்சயந்தாங்க. அனுப்பிடுங்க," என்றார்.

பச்சைப் பென்சில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. ஓரத்தில் கோட்டை நான் இட்டேன். அவளுடையதைப் போல நேராக வரவில்லை. பக்கத்தைப் படமெடுத்து அச்சகத்துக்கு அனுப்பினேன்.