பேப்பரில் பன்னிரண்டு வயது மூத்தவள்

ஸ்காபரோவில் எங்கள் மாடிக்கட்டிடத்துக்கு எதிரே இருந்த பிளாசாவில்தான் குடும்ப டொக்டரின் கிளினிக். வரவேற்பு மேசையில் இருந்தது எங்கள் ஆட்களில் ஒரு பெண்பிள்ளை. நல்ல பிள்ளைதான், குரல் மட்டும் கோயில் ஒலிபெருக்கி. என் மருத்துவ அட்டையான ஹெல்த் காட்டில் இருந்த இலக்கத்தைக் கணினியில் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வயசோ அக்கா? பாத்தால் தெரியேல்லை. முதல் பிள்ளையோ?"

காத்திருந்த ஏழெட்டுப் பேரும் தலை நிமிர்ந்தார்கள். நான் "ஓம்" என்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அந்தப் பன்னிரண்டு வயது எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். ஏஜென்சிக்காரன் என்னைக் கொழும்பிலிருந்து இன்னொரு பெண்ணின் பாஸ்போட்டில் அனுப்பினான். கொண்டை போட்டு, பவர் இல்லாத கண்ணாடி மாட்டி, சேலை உடுத்தி, அவளுடைய பெயரையும் பிறந்த தேதியையும் பாடமாக்கச் சொன்னான். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பாடமாக்குவது என்றாலே எனக்குப் பயம். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று லொட்ஜில் இருந்த பதினொரு நாளும் பல் விளக்கும்போதுகூட அந்தத் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டொரன்டோவில் இறங்கி, அகதி என்று சொல்லி, என்னுடைய உண்மையான பெயரைச் சொன்னேன். அதிகாரி பிறந்த தேதி கேட்டார். வாயில் வந்தது அவளுடைய தேதி. எனக்கு அது உறைத்தபோது அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முன்னமே வந்து டோர்செட் பார்க்கில் வீடு எடுத்திருந்த என் கணவர் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"இனி மாத்தாதையும். ஒண்டை மாத்தினால் முழுக்கப் பொய் எண்டு நினைப்பினம்."

தன்னுடைய அகதி வழக்கில் மனைவியின் பிறந்த தேதி என்று அவர் சரியானதைத்தான் கொடுத்திருந்தார். அவருடைய கோப்பும் என்னுடைய கோப்பும் எந்த மேசையிலாவது பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுமோ என்று நான் நினைக்காத நாள் இல்லை. வழக்கை ஏற்றுக்கொண்டார்கள், ஹெல்த் காட்டும் வந்தது. நிரந்தரமாக இருக்கவிடுகிற லாண்டட் பேப்பர் மட்டும் வரவில்லை. அது வரும்வரை எதையும் கிளறக்கூடாது. அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

வீட்டுக்குள் அது பகிடியாகவும் இருந்தது. கணவருக்கு முப்பத்தொன்று. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "அக்கா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்பார். "வயசுக்கு மூத்தவளை வேலை வாங்கிறியளோ தம்பி?" என்பேன் நான்.

அன்று டொக்டர் என்னைச் சோதித்துவிட்டு ஒரு கடிதம் எழுதித் தந்தார். நகரத்துக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு, மூன்று கிழமை கழித்து. அவர் சொன்ன ஆங்கிலத்தில் என் வயது மட்டும் எனக்கு விளங்கியது. வெளியே வந்து அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

"முப்பத்தஞ்சு தாண்டின ஆக்களுக்குப் பிள்ளை குறையோட பிறக்கிற சான்ஸ் கூட அக்கா. அதுக்கு வயித்துக்குள்ள ஊசி விட்டு, பிள்ளையைச் சுத்தி இருக்கிற தண்ணியில கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணுவினம்."

"ஊசி பிள்ளையில படாதோ?"

"படாது, படாது. சில பேருக்கு மட்டும் கலைஞ்சு போறதாம். நீங்க பயப்பிடாதேங்கோ."

கணவர் கனடாவுக்கு வெளிக்கிட முதல் எனக்கு ஒரு பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அவரை வழியனுப்ப வந்து தங்கிய வேறொரு லொட்ஜின் அறையில், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அந்த இரண்டு நாளை நான் யாருக்கும் சொன்னதில்லை. இந்தப் பிள்ளை நாலாம் மாதத்தைப் பிடித்துவிட்டது. யாருடையதோ ஒரு வயதுக்காக என் பிள்ளைக்குப் பக்கத்தில் ஊசி போகப்போகிறது.

அந்த மூன்று கிழமையும் நான் சமைத்தது எதுவும் வாய்க்கு உருசிக்கவில்லை. டொக்டர் எழுதித் தந்தால் அது கட்டளை என்றுதான் நினைத்திருந்தேன். போகாவிட்டால் ஹெல்த் காட்டை நிற்பாட்டுவார்கள். காட்டை நிற்பாட்டினால் ஏன் என்று யாராவது தேடுவார்கள். தேடினால் இரண்டு கோப்பும் ஒன்றாக வெளியே வரும். போனாலோ ஊசி. இந்த நாலு யோசனையும் மாறி மாறி வரும், பாத்திரம் கழுவும்போது, உடுப்பு மடிக்கும்போது, லிஃப்டில் நிற்கும்போது.

"பெரிய ஆஸ்பத்திரியப்பா. உந்த டெஸ்டை ஒவ்வொரு நாளும் செய்யினம்," என்றார் கணவர்.

"ஒவ்வொரு நாளும் செய்யிறது அவை. எனக்கு இந்த ஒண்டுதான்."

"அப்ப போய் வயசைச் சொல்லும். சொல்லிப்போட்டு மூண்டு பேருமாய் ஊருக்குப் பிளேன் ஏறுவம்."

சொன்னவர் பிறகு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவருக்கும் பயம்தான். என்னுடைய பயம் வாயால் வரும், அவருடையது கோபமாய் வரும்.

ஏப்ரல் மாதம், பனி கரைந்து தெருவெல்லாம் ஊத்தைத் தண்ணீர். பஸ் எடுத்து, சுரங்க ரயில் எடுத்து, சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே போய்விட்டோம். ஆஸ்பத்திரி எனக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தது. ஐம்பது வயது மதிக்கலாம், யாழ்ப்பாணத்துப் பேச்சு, கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் மனிதர் என்று கண்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை, இன்னொரு பயம்தான் வந்தது. இவ எந்தக் கோயிலுக்குப் போறவ, அங்கே யாரோடு கதைக்கிறவ?

கணவர் வேலைக்கு லீவு சொல்ல மறந்துவிட்டதாகச் சொல்லிக் கீழே போன் எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்து மொழிபெயர்ப்பாளர் அன்ரி சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னா. கலையலாம் என்ற வரியும் அதில் இருந்தது. கீழே கையெழுத்து வைக்கும் இடம். மேலே ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டில் என் பெயரும் மற்றவளின் பிறந்த தேதியும்.

பேனை கையில் இருந்தது. கை போகவில்லை.

"அன்ரி, முப்பத்தஞ்சுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கும் உந்த ஊசி போடுவினமோ?"

"சும்மா போடமாட்டினம். ஏன் பிள்ளை?"

"எனக்கு முப்பத்தெட்டு இல்லை."

அவ சுற்றிவரப் பார்த்தா. கதிரையைக் கிட்ட இழுத்தா.

"இஞ்சை பாரும். உந்தக் கதையை எனக்குத் தனியச் சொல்லாதையும். உள்ளுக்கு டொக்டருக்கு முன்னால நீர் வாய் திறந்தால், ஒரு சொல்லும் விடாமல் நான் இங்கிலீஷில சொல்லியே ஆகவேணும். அதுதான் என்ரை வேலை. அங்கை சொல்லக் கூடாதது எண்டால் இப்பவே விழுங்கும்."

விழுங்கத்தான் பார்த்தேன். தாதி வந்து என் பெயரைக் கூப்பிட்டா. கணவர் இன்னும் வரவில்லை.

கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் குளிர்ந்த பசை பூசினார்கள். பக்கத்தில் தட்டத்தில் பச்சைத் துணி மூடிய ஏதோ ஒன்று. துணிக்குக் கீழே அது எவ்வளவு நீளம் என்று நான் பார்வையாலேயே அளந்தேன். டொக்டர் ஒரு பெண். ஸ்கானைத் திருப்பிக் காட்டினா. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கை, அவ்வளவு சின்னது, எழும்பி முகத்தை மறைத்தது. டொக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே துணியைப் பிடித்தா.

"எனக்கு இருபத்தாறு வயசு," என்றேன். "பேப்பரில இருக்கிறது வேற ஒரு மனிசியின்ரை வயசு."

அன்ரி ஒரு கணம் கண்ணை மூடினா. பிறகு சொன்னா. டொக்டரின் கை துணியிலேயே நின்றது.

"எது சரி எண்டு உமக்கு நிச்சயமாய்த் தெரியுமோ எண்டு கேக்கிறா."

"என்னைப் பெத்த நாள் எனக்குத் தெரியாதோ? அம்மா பொய் சொல்லுவாவோ?"

"அதையும் சொல்லவோ?"

"சொல்லுங்கோ!"

அன்ரி அதையும் சொன்னா. டொக்டர் சிரித்துவிட்டா. கையுறையைக் கழற்றி, கதிரையில் இருந்து, ஆறுதலாகப் பேசினா. இருபத்தாறு என்றால் இந்தச் சோதனையைத் தான் கேட்கவே மாட்டாவாம்.

"இன்னொண்டும் சொல்லுறா," என்றா அன்ரி. "முப்பத்தெட்டு எண்டாலும் உமக்கு விருப்பமில்லையெண்டால் வேண்டாம் எண்டு சொல்லலாமாம். கட்டாயம் இல்லையாம்."

"வேண்டாம் எண்டு சொல்லலாமோ? டொக்டர் எல்லோ எழுதித் தந்தவர்!"

"அவர் எழுதினது உம்மட்டை விருப்பம் கேக்கிறதுக்குத்தானாம்."

மூன்று கிழமை. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. இப்போது இரகசியமும் வெளியே வந்துவிட்டது. ஊசி வேண்டாம் என்றேன். டொக்டர் கோப்பில் எழுதத் தொடங்கினா. என் கண் அந்தப் பேனையை விட்டு அசையவில்லை.

"அன்ரி, என்ன எழுதுறா?"

"ஊசி வேண்டாம் எண்டு நீர் சொன்னனீர் எண்டு."

"வயசு?"

அன்ரி கேட்டா. டொக்டர் என்னைப் பார்த்தே பதில் சொன்னா.

"அவவுக்குத் தெரியவேண்டியது தெரிஞ்சிட்டுதாம். பேப்பரைத் திருத்திறது உம்மடை வேலையாம்."

வெளியே கணவர் நின்றார்.

"குத்தினவையோ?"

"இல்லை."

"வயசைச் சொல்லிப்போட்டீரோ?"

"ஓம்."

அவர் என் கையில் இருந்த குளிர் உடுப்பை வாங்கி எனக்குப் போட்டுவிட்டார். "அப்ப இனி அக்கா எண்டு கூப்பிடேலாது," என்றார்.

மகள் புரட்டாதியில் பிறந்தாள், குறை ஒன்றும் இல்லாமல். பிறப்பைப் பதிகிற படிவத்தில் தாயின் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது. "எதையப்பா எழுத?" என்று கணவர் பேனையோடு நின்றார். பேனையை வாங்கி நானே என்னுடைய தேதியை எழுதினேன். எழுதிய கையோடு பயம் பிடித்துவிட்டது. அடுத்த மூன்று மாதமும் கீழே போய்த் தபால்பெட்டியைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரைத்தான் அனுப்பினேன். ஏறிவரும் லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும் சத்தத்துக்கு ஒவ்வொரு நாளும் கதவடியில் போய் நிற்பேன்.

மார்கழியில் ஒரு நாள் அவர் லிஃப்டுக்குள்ளேயே கடிதத்தை உடைத்துவிட்டார். அதில் இருந்தது பழைய பிழையான தேதிதான். பிறகொரு காலம் அதைத் திருத்தப் போனபோது, நான் அத்தனை நாள் பயந்த அவருடைய கோப்புத்தான் எனக்குச் சாட்சி. அது எதுவும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. எங்கள் மாடி நடைபாதை முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு வந்தார்.

"அக்கா! கதவைத் திறவுங்கோ அக்கா, லாண்டட் பேப்பர் வந்திட்டுது!"