கமாக்கா கற்ற இருபத்தேழு எழுத்து

அச்சகத்தில் அவளுக்குக் கமாக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக ஒரே வேலை. கையெழுத்துப் பிரதியை அவள் உரக்கப் படிப்பாள். எதிரே இருக்கும் பிழைதிருத்துபவர் அச்சடித்த தாளில் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வருவார். வார்த்தையை மட்டும் படித்தால் போதாது. கமா வந்தால் ‘கமா’, வாக்கியம் முடிந்தால் ‘புள்ளி’, பத்தி மாறினால் ‘புது பாரா’. ஒன்றும் விடக் கூடாது, அவளும் விட்டதில்லை.

சட்டப் புத்தகம், பம்பு செட் விளக்கம், சிறுநீரக வைத்தியம் என்று அவள் படிக்காத விஷயமில்லை. அவளிடம் ஒரு விஷயமும் தங்கியதுமில்லை. “கண்ணு வழியா ஏறும், வாய் வழியா இறங்கும். நடுவுல மண்டையில நிக்கவே நிக்காது” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கோழி கிறுக்கினது போல எழுதும் டாக்டர்களின் பிரதியெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவளுடைய ஒரே மகள், ஸ்பானிஷ் பேசும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அம்மா குடியிருந்த கட்டடத்திலேயே மாடி வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை தங்கமானவர். ஒரே வருஷத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, மாமியாரை வாய் நிறைய ‘அத்தை’ என்று கூப்பிடுவார். அவருடைய அம்மா ஊரில் தனியாக இருந்தவர். கண் பார்வை போய்க்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியபோது மகன் தன்னோடு அழைத்து வந்துவிட்டார்.

வந்த சம்பந்தியம்மாள் மூன்று மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார். ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று மகனிடம் தினம் ஒரு பாட்டு. பார்வையில்லாமல் அந்தக் காலி வீட்டில் எப்படி இருப்பார்? ஒருநாள் கமாக்கா மாடிக்குப் போய், பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

“அதுல என்னதான் இருக்கு மாப்பிள்ளை?”

“அப்பா எழுதின லெட்டர் அத்தை. கப்பல்ல வேலை பாத்தார், வருஷத்துல பத்து மாசம் கடல்லதான். அம்மா தினம் ஒண்ணு எடுத்துப் படிப்பாங்க. இப்ப முடியல. நான் படிக்கிறேன்னா விட மாட்டேங்கறாங்க. உங்க பொண்ணையும் விடல.”

சொல்லிக்கொண்டே அவர் பெட்டியை நோக்கிக் கையை நீட்ட, சம்பந்தியம்மாள் மூடியைப் பட்டென்று அடித்துச் சாத்தினார். அந்த எழுபது வயது முகம் சிவந்ததை மாப்பிள்ளை பார்த்தாரோ என்னவோ, கமாக்கா பார்த்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதைப் பெற்ற பிள்ளை வாயால் கேட்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? இந்தச் சின்ன விஷயம் படித்த பிள்ளைக்கு எட்டவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையை மடக்கினாள். “எனக்கு உங்க எழுத்தை மட்டும் சொல்லிக் குடுங்க. அர்த்தம் வேண்டவே வேண்டாம்.”

அலமாரிக் கதவில் குழந்தைகள் அட்டவணை ஒன்று ஒட்டப்பட்டது. இருபத்தேழே எழுத்து. உயிரெழுத்து ஐந்துதான், அ, எ, இ, ஒ, உ. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி, எங்கே வந்தாலும் மாறாது என்றதும் கமாக்காவுக்குப் பாதி பாரம் இறங்கியது. ‘ஹெச்’ சத்தமே போடாது என்று மாப்பிள்ளை சொன்னபோது, “எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லுங்க. வந்து உக்காருவாரு, அவ்வளவுதான்” என்றாள். ‘ஜே’க்குத் தொண்டையைச் செருமி ‘ஹ’ சொல்ல வேண்டும். இரண்டு ‘எல்’ சேர்ந்தால் ‘ய’. ‘என்’ எழுத்தின் தலையில் ஒரு நெளி இருந்தால் அது ‘ஞ’. “அட, இது நம்ம வீட்டுப் பிள்ளை!” என்று அதை மட்டும் முதல் நாளே பிடித்துக்கொண்டாள்.

இரண்டு ‘ஆர்’ சேர்ந்து வருவதுதான் அவளைத் தண்ணீர் குடிக்க வைத்தது. நாக்கு நுனியை மேலே வைத்து உருட்ட வேண்டும். பத்து நாள் அச்சகத்தில் அவள் உருட்டிய உருட்டில், எந்த மெஷினில் திருகு கழன்றதோ என்று மெக்கானிக் எழுந்து வந்து பார்த்தார். கேள்விக்கு முன்னால் தலைகீழாக ஒரு கேள்விக்குறி போடும் வழக்கம் மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. “கேக்கப் போறேன்னு சொல்லிட்டுல்ல கேக்கறாங்க! நம்மாளுங்க எடுத்த எடுப்புல கேட்டுடுவாங்க.”

ஆறு வாரம் கழித்து சம்பந்தியம்மாள் எதிரே போய் உட்கார்ந்தாள். “அம்மா படிப்பாங்க, ஒரு வார்த்தைகூடப் புரியாது” என்று மகள் ஸ்பானிஷில் எடுத்துச் சொன்னாள். அந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கமாக்கா பவ்யமாகத் தலையாட்டி, “சரிங்க” என்று சிரித்தாள்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “உன் தோள்ல பெரிய சிலந்தி ஊருதுன்னு சொன்னாங்கம்மா!”

பரீட்சையில் தேறியாகிவிட்டது. பெட்டி திறந்தது, மகள் வெளியே அனுப்பப்பட்டாள்.

கமாக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். கிறுக்கல் கையெழுத்து அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான்கு வார்த்தை போனதும் முப்பது வருஷப் பழக்கம் தானாக வந்து விழுந்தது: “கமா.” சம்பந்தியம்மாள் திடுக்கிட்டார். அடுத்த வரியில் இன்னொரு கமா. அந்த மொழியிலும் கிட்டத்தட்ட அதே பெயர்தானாம். புருஷனின் கொஞ்சலுக்கு நடுவில் கமாவும் புள்ளியும் புது பாராவும் வரிசை கட்டி வர, அந்த அம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்து அவர் சிரித்தது அன்றுதான். சாயங்காலம் தட்டு காலியானது.

அதன்பின் தினம் மதியம் வேலை விட்டதும் ஒரு கடிதம். ஒருநாள் கமாக்கா முயற்சி செய்து கமாவை விழுங்கினாள். சம்பந்தியம்மாள் விரலால் மேஜையைத் தட்டி, “கமா!” என்று அதட்டினார். ஊருக்குப் போகிற பேச்சு நின்றே போனது.

எட்டு மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மண்டையில் எதுவும் நிற்காத கமாக்காவுக்குச் சில வார்த்தைகள் நிற்கத் தொடங்கின. கை. ஜன்னல். நாளை. காத்திரு. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. “முழுசா கத்துக்கோங்க அத்தை” என்று மாப்பிள்ளை ஆசையாக ஒரு புத்தகம் வாங்கி வந்தபோது, “எழுத்து போதும் மாப்பிள்ளை” என்று பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். அடுத்தவர் வீட்டு அறைக்குள் எட்டிப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. கற்றுக்கொள்ளும் ஆசையை அடக்கிக்கொள்வது, கற்றுக்கொள்வதைவிடப் பெரிய காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு மதியம் சம்பந்தியம்மாள் பெட்டியின் அடியிலிருந்து அதுவரை கொடுக்காத ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரித் தாள். எழுத்து நடுங்கியிருந்தது. அரைப் பக்கம்தான், அதில் ஒரு கமாகூட இல்லை. மூச்சு முட்ட முட்ட எழுதிய மனுஷனுக்குக் கமாவுக்கு ஏது நேரம்?

கமாக்கா நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனாள். கை வந்தது. ஜன்னல் வந்தது. நாளை வரவில்லை. ஐந்தாவது வரியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்ன எழுதியிருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாம் கேட்பதும் அழகில்லை. குரலை மட்டும் ஆடவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது வரியில் அந்தக் குரல் நின்றுவிட்டது.

சம்பந்தியம்மாள் கையை நீட்டினார். தடவித் தடவி கமாக்காவின் கன்னத்தைக் கண்டுபிடித்தார். அது ஈரமாக இருந்தது. எட்டு மாதமாக யாருக்குப் புரியக் கூடாது என்று இருந்தாரோ அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை அவர் எடுக்கவில்லை. கட்டைவிரலால் அந்த ஈரத்தை மெல்லத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“கமா.”

கமாக்கா ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைப் படித்தாள்.