பீப்பாய்க்காரன் கையிலிருந்து விழுந்த அப்பம்

எல்பே ஆற்றங்கரையில் பீப்பாய் செய்து பிழைத்த யோப்ஸ்ட்டுக்கு எப்போதுமே வாய் நீளம். விட்டன்பர்க் நகரத்திலிருந்து, பழைய திருச்சபையை எதிர்த்த புதுப் போதனை அச்சுத்தாள்களாக வந்து இறங்கிய வருஷம் அது இன்னும் நீண்டது. பீர்க்கடையில் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவான்.

"பூசையில குருவானவர் அப்பத்தை ஊட்டிவிட நாம நாக்கை நீட்டணுமாம். நாம என்ன தொட்டில் பிள்ளைங்களா? நமக்குக் கை இல்ல?"

எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாளும் போவான்.

வீட்டில் இந்த வாய்க்கு அகப்பட்டவள் வால்புர்கா, அவன் மனைவியின் அக்கா. கணவனை இழந்து தங்கை வீட்டோடு வந்துவிட்டவள். அப்பத்தில் இருப்பவர் ஆண்டவரே, குரு அல்லாதவர் கை அதில் பட்டால் பெரும் பாவம் என்று உயிராய் நம்பியவள்.

"மதினி, நம்ம கை பட்டா உங்க ஆண்டவர் கரைஞ்சிடுவாரோ?" சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்பான். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவாள். படுபாவி, அதையும் வெற்றி என்று நினைத்தான்.

ஈஸ்டர் ஞாயிறன்று அப்பத்தை அவரவர் கையிலேயே கொடுக்கப்போவதாகப் புதுப் பிரசங்கியார் அறிவித்தார். முதல் ஆளாகப் போய் நின்றது யோப்ஸ்ட்தான். தங்கை கெஞ்சியதால் வால்புர்காவும் வந்தாள். வாங்கமாட்டேன், பார்க்க மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

உள்ளங்கையில் அப்பம் வந்து உட்கார்ந்தது. நாற்பது வருஷப் பயமும் ஒரேயடியாக அவன் விரல்களுக்கு இறங்கிவிட்டது. கை உதறியது. அப்பம் கல்தரையில் விழுந்தது.

"பரவாயில்ல யோப்ஸ்ட், எடுங்க" என்றார் பிரசங்கியார்.

குனிந்தான். கை ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டது.

"என்னால முடியல ஐயா."

"பீப்பாய்க்காரரே, கடையில பேசின கை எங்க?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். கோயிலே சிரித்தது. அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

வால்புர்கா வந்து மண்டியிட்டாள். இரண்டு விரலால் அப்பத்தை எடுத்தாள்.

"வாயைத் திறங்க தம்பி."

யோப்ஸ்ட் கண்ணை மூடி நாக்கை நீட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த விரல்களை ஒரு கிண்ணத்தில் கழுவினாள். ஆண்டவரின் துகள் வீணாகக் கூடாதே என்று அந்தத் தண்ணீரைக் குடித்தாள். யோப்ஸ்ட் கதவோரம் நின்று பார்த்தான்.

"உங்களுக்கு அது பாவமாச்சே மதினி. ஏன் எடுத்தீங்க?"

"ஊரே சிரிச்சுது. நீங்க நின்ன நிலையைப் பார்க்க முடியல." கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "குருகிட்ட என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். பழைய குருவானவர் இப்ப எந்த ஊர்ல இருக்கார், தம்பி? உங்களுக்குத் தெரியுமா?"

அவரை மாசி மாதப் பனியில், செருப்பு மாட்டக்கூட விடாமல், ஊர் வாசலுக்கு வெளியே தள்ளிய கூட்டத்தில் முன்னால் நின்றவன் யோப்ஸ்ட். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே அவரிடம் போக வேண்டியிருந்தது.

"தெரியாது மதினி" என்றான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.